மழலையர் பட்டமளிப்பு விழா: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கல்வியாண்டு முடியப் போகும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். குழந்தையின் உயரம், தலைச் சுற்றளவு, கவுனுக்கான கட்டணம், ஒத்திகை தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். வந்த அன்றே பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மூக்கைச் சிந்தத் தெரியாத பிள்ளைக்குப் பட்டமளிப்பு ஒன்றுதான் குறைச்சலா?" என்று ஒரு கட்சி. "ஒரே ஒரு நாள், ஆசைக்குப் போட்டுப் பார்க்கட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று இன்னொரு கட்சி. பெற்றோர் கேட்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்லும், பள்ளி நடத்துகிறது என்று பெற்றோர் சொல்வார்கள். ஆசிரியர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இதில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கேட்பவர்கள் நிறையப் பேர். பெற்றோர் கூட்டத்தில் கை தூக்க வேண்டிய அம்மா, புதிதாகப் பொறுப்பேற்ற மழலையர் பள்ளித் தலைமையாசிரியர், பேத்தியின் கவுன் படத்துக்காகக் காத்திருக்கும் தாத்தா என்று எல்லோரும் இதில் அடக்கம். "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்டால் இந்த வழக்கு தீராது. ஏனென்றால் கையில் இருப்பவை இரண்டு வழிகள் இல்லை, நான்கு: கவுனும் மேடையுமாக முழு விழா, வகுப்பறைக்குள் சின்னதாக ஒரு விடைபெறுதல், போகப்போகும் இடத்தில் வரவேற்பு, எதுவுமே இல்லாமல் வழக்கமான கடைசி நாள்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் ஒத்திகைமேல்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆரம்பப் பள்ளியை முடிக்கும் பத்து, பதினோரு வயதுக்காரர்களின் கதை வேறு, அதைப் போகிற போக்கில் தொடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

குழந்தைக்குப் புரிகிறதா? நான்கைந்து வயதில் நேற்று, நாளை என்பவையே இப்போதுதான் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும். "நீ மழலையர் கல்வியை நிறைவு செய்துவிட்டாய்" என்றால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். "இனிமேல் வேற மிஸ். நீ பையை மாட்டுற கொக்கியில அடுத்த வருஷம் வேற ஒருத்தர் பேரு வரும்" என்றால் புரிந்துகொள்ளும். சில குழந்தைகள் அழவும் செய்யும். விழா எதுவானாலும், இந்த இரண்டாவது வாக்கியம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒத்திகை எவ்வளவு நாளைத் தின்கிறது? விழா ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் நடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு 40 நிமிடம், வாரம் ஐந்து நாள், மூன்று வாரம் என்று வைத்தால் 10 மணி நேரம். வரிசையில் நிற்பதற்கும், "கையை ஆட்டாதே, நேராப் பாரு" என்பதைக் கேட்பதற்கும் ஐந்து வயதில் 10 மணி நேரம். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விளையாட்டு நேரத்திலிருந்தும் கதை நேரத்திலிருந்தும்தான்.

கூச்சப்படும் குழந்தையின் கதி என்ன? ஹார்வர்டு உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. புது இடம், புது முகம், புதுச் சூழல் என்றால் பின்வாங்கும் சுபாவம் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதக் குழந்தைகளிடம் மிகச் சிறு வயதிலேயே தென்படுகிறது. 25 பேர் உள்ள வகுப்பில் நான்கைந்து பேர் என்று ஆகிறது. விழாவைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் மற்ற இருபது பேரைப் பார்த்துத்தான் திட்டமிடுகிறார்கள்.

செலவும், விடுபடுபவர்களும். கவுன் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். புகைப்படத் தொகுப்பு, வீடியோ, மிஸ்ஸுக்கு எல்லோரும் சேர்ந்து வாங்கும் பரிசு, அரைநாள் சம்பளம் பிடிபடுவது எல்லாம் பின்னால் வருபவை. பணம் கட்ட முடியாத வீட்டுக் குழந்தை, அப்பாவோ அம்மாவோ வர முடியாத குழந்தை, ஆண்டு நடுவில் வந்து சேர்ந்த குழந்தை, கூட்டமும் ஒலிபெருக்கியும் தாங்காத ஆட்டிசக் குழந்தை ஆகியோருக்கு அன்று என்ன நடக்கும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

அடுத்த வாசலைத் தாண்ட உதவுகிறதா? பிரெஞ்சு இனவரைவியலாளர் ஆர்னால்ட் வான் ஜென்னெப் 1909-இல் வெளியிட்ட நூலில், வாழ்க்கையின் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சடங்குகளை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: பழையதிலிருந்து பிரிதல், இரண்டுக்கும் நடுவில் நிற்றல், புதியதில் சேர்தல். பள்ளி விழாக்களை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பிரிதலுக்கு மேடை, மாலை, கைதட்டல் எல்லாம் உண்டு. சேர்தலுக்கு ஒன்றுமே கிடையாது. முதல் வகுப்பின் முதல் நாளில் வாசலில் நின்று அழும் குழந்தைக்கு, போன மாதம் போட்ட கவுனால் என்ன பயன்?

பெற்றோரின் சந்தோஷம். இதை ஓர் அளவுகோலாக வெளிப்படையாகச் சொல்லப் பலருக்குத் தயக்கம். எனக்கு இல்லை. பெரியவர்களுக்கு நினைவிருக்கும் மிகப் பழைய சம்பவம் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்தது. ஏழு வயதுக்கு முன் நடந்தவற்றில் மிகக் கொஞ்சம்தான் பின்னாளில் தங்குகிறது. அதாவது இந்த விழாவின் நினைவு முக்கால்வாசி பெற்றோருடையது. குழந்தையின் பெயரைச் சொல்லி நமக்காக ஒன்றை நடத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டால், அதற்கு யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பதை நேர்மையாகப் பேசலாம்.

## 1. மேடை, கவுன், சான்றிதழ்: முழு விழா

கவுனும் சதுரத் தொப்பியும் இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அங்கே படித்த மதகுருமாரின் உடையிலிருந்தும் வந்தவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1895-இல்தான் கூடிப் பேசி, எந்தப் பட்டத்துக்கு எப்படிப்பட்ட கவுன் என்று ஒரு பொது விதி வகுத்தன. அந்த உடையைச் சின்னதாகத் தைத்து ஐந்து வயதுக்காரனுக்குப் போட்டால் உயர்கல்வியின் மதிப்பு குறைந்துவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய வாதமாகத் தோன்றவில்லை. போலீஸ் வேடம் போடுகிற குழந்தையால் காவல்துறையின் மதிப்பா குறைகிறது? வேடம் கட்டுவது அந்த வயதின் வேலை. அலமாரிக் கண்ணாடி முன்னால் கவுனைச் சுழற்றிக்காட்டும் குழந்தையின் சந்தோஷம் நிஜமானது.

பிரச்சினை ஒத்திகையில் ஆரம்பிக்கிறது. ஒரு ஒத்திகையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தொப்பியின் எலாஸ்டிக் தாடைக்குக் கீழே அறுக்கிறது, அதை இழுத்து இழுத்து விடுகிறான் ஒருவன். குஞ்சத்தின் நுனி ஒருத்தியின் வாயில். மேடைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிஸ் கையசைத்துக் காட்டுகிறார், முப்பது ஜோடிக் கண்களும் அவர் கையையே பார்க்கின்றன. பாட்டு என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், வலது கையை நீட்டிச் சான்றிதழை வாங்கி, இடது பக்கம் திரும்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்க வேண்டும். இடது வலது தெரியாத வயதில் இது சர்க்கஸ். இரண்டாவது வாரத்தில் மிஸ்ஸின் குரல் உயரத் தொடங்கும். "ஒழுங்கா நிக்கலைன்னா உனக்குத் தொப்பி கிடையாது." ஆண்டு முழுக்க அன்பாக இருந்த ஒருவர், கடைசி இரண்டு வாரம் அதட்டுகிறவராக மாறுவதுதான் இந்த வழியின் ஆகப்பெரிய மறைமுகச் செலவு. அவரைக் குறை சொல்ல முடியாது, முன்வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருப்பார்.

விழா நாளின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மேடையேறி, வாங்கி, படம் எடுத்து, இறங்க ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் என்றால் 60 குழந்தைகளுக்கு அரை மணி நேரம். 120 பேர் என்றால் ஒரு மணி நேரம். முதலில் வாங்கியவர் கடைசியாள் வாங்கும் வரை கவுனுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் சிறப்பு விருந்தினர் உரை வேறு. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஒரு குழந்தை ஆரம்பித்தால் வரிசை முழுக்க அது பரவும்.

சான்றிதழ், பரிசு விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு கைகொடுக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள்தான் அதில் பங்கேற்றவர்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழு மற்ற இரண்டு குழுக்களும் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தது. சொல்லாமல் கொடுத்த குழுவின் ஆசை குறையவில்லை.

இதை வைத்துச் சான்றிதழே கூடாது என்று சொன்னால் அது மிகை. எல்லோருக்கும் நிபந்தனை இல்லாமல் கையில் கொடுக்கும் காகிதம் யாரையும் கெடுக்காது. ஆடியதற்கும் பாடியதற்கும் ஒழுங்காக நின்றதற்கும் கூலியாக அதை ஆக்கும்போதுதான் வினை. "சிறந்த மாணவி", "அதிபுத்திசாலி" என்று பட்டங்கள் கொடுப்பதில் எனக்கு இன்னும் அதிகத் தயக்கம். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சற்றுப் பெரிய வகுப்புக் குழந்தைகளை "நீ புத்திசாலி" என்று பாராட்டியபோது, அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் அவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் அப்படிச் சோரவில்லை. மழலையர் விழாவில் எல்லோருக்கும் ஒரு பட்டம் என்று சமாளிப்பதும் உதவாது. "சிரிப்பழகி" என்பது ஆறுதல் பரிசு என்று அடுத்த வரிசைப் பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்த்துக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முழு விழா சரியான முடிவாக இருக்கும் இடங்கள் உண்டு. அந்தப் பள்ளியே மழலையர் வகுப்போடு முடிந்து, குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்குச் சிதறப் போகிறார்கள் என்றால், ஊரறிய ஒரு விடைபெறுதலுக்கு அர்த்தம் இருக்கிறது. தாங்கள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளியில், அந்தக் கவுன் படம் வீட்டுச் சுவரில் செய்கிற வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். "இந்த வீட்டில் படிப்பு தொடரும்" என்று அது தினமும் சொல்லும். குழந்தைகளுக்குப் பத்து, பதினோரு வயது என்றாலும் சரிதான். நடப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியும், என்ன பாட்டு, யார் பேசுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள்.

ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் கவுன் மாட்டும் பள்ளிகளுக்கு மட்டும் என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை.

## 2. வகுப்பறைக்குள் விடைபெறுதல்

மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு மணி நேரம், பழகிய அறை. பெற்றோர் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டு முழுக்க வரைந்தவை, ஒட்டியவை, களிமண்ணில் செய்து கால் உடைந்துபோன யானை எல்லாம் சுவரோரம் இருக்கும். குழந்தை தன் பெற்றோரின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டும். வழக்கமாகப் பாடும் இரண்டு பாட்டைப் பாடுவார்கள். ஒத்திகை வேண்டாம், தினமும் பாடுவதுதானே.

இதன் உயிர் ஆசிரியர் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம். ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்தில் அழைத்து, அந்தக் குழந்தைக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். "முதல் நாள் ஷூவைக் கழட்டத் தெரியாம நின்னே, இப்ப சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு நீதான் மாட்டி விடுறே." இதைக் கேட்கும் குழந்தைக்குத் தான் வளர்ந்துவிட்டது என்பது புரியும். ஷூவும் தெரியும், முதல் நாள் அழுததும் லேசாக நினைவிருக்கும். எந்தச் சான்றிதழும் இதைச் செய்யாது. எல்லோர் முன்னாலும் சொல்வது பிடிக்காத குழந்தைக்குக் காதோடு சொல்லலாம், இங்கே அதற்கு வசதி உண்டு.

மலிவாகத் தெரிந்தாலும் இதிலும் மறைமுகச் செலவு இருக்கிறது, அதைச் சுமப்பவர் ஆசிரியர். 25 குழந்தைகளுக்கும் உண்மையான ஒரு வாக்கியம் வேண்டும் என்றால் ஆண்டு முழுக்கக் குறிப்பு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "நல்ல பையன், சமத்துப் பொண்ணு" என்று மேடை விழாவைவிட மோசமாகப் போகும். ஒரு வகுப்பில் 50 குழந்தைகள் என்றால் இந்த வழி நடைமுறைக்கு ஒத்துவராது, இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், இங்கே இல்லாதவர் பளிச்சென்று தெரிவார். 300 பேர் இருக்கும் அரங்கில் ஒரு குழந்தையின் அம்மா வராதது யாருக்கும் தெரியாது. 25 பேர் அறையில், கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கும் குழந்தையை எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் "பெற்றோர் வரவும்" என்று எழுதாமல் "உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வரவும்" என்று எழுதுவது நல்லது. பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என யார் வந்தாலும் சரி. யாருமே வர முடியாத குழந்தைக்குப் பள்ளியிலேயே அதற்குப் பிடித்த ஒருவரை, பழைய வகுப்பு மிஸ்ஸையோ ஆயாம்மாவையோ, முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும்.

அப்புறம், தாத்தா பாட்டிகளுக்கு இது "விழா மாதிரியே இல்லை". அந்தக் குறையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

## 3. போகும் இடத்தில் வரவேற்பு

ஜெர்மனியில் கொண்டாட்டத்தின் கனம் பள்ளி தொடங்கும் நாளில் இருக்கிறது. முதல் வகுப்புக்குப் போகும் குழந்தை, இனிப்பும் எழுதுபொருளும் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பு ஒன்றைச் சுமந்து செல்லும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்சனி, துரிங்கியா பகுதிகளில் தொடங்கிய வழக்கம் இது. ஜப்பான் இரண்டு பக்கமும் செய்கிறது. மார்ச் மாதம் மழலையர் பள்ளியில் நிறைவு விழா, ஏப்ரலில் ஆரம்பப் பள்ளியில் நுழைவு விழா. வான் ஜென்னெப் சொன்ன மூன்றாவது கட்டத்தை இவர்கள் விட்டுவிடவில்லை.

இந்த வழியில் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பள்ளி மாறுவதற்கு முன்பே குழந்தை ஒரு நாள் புது வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்து பார்க்கும். தண்ணீர் எங்கே குடிப்பது, கழிப்பறைக் கதவு எப்படித் தாழ்போடுவது, மணி அடித்தால் எங்கே நிற்பது என்று பெரிய வகுப்பு அண்ணனோ அக்காவோ கையைப் பிடித்துக் காட்டுவார்கள். கழிப்பறையைப் பற்றி நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. புதுப் பள்ளிக்குப் போகும் குழந்தையின் பெரிய பயங்களில் அதுவும் ஒன்று. திரும்பி வந்து தன் பழைய வகுப்பில் அதைப் பற்றிப் பேசும், வரையும். கவலை இருக்கிற இடத்தில் போய்க் கைவைக்கும் வழி இது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், இதற்கு இரண்டு பள்ளிகள் ஒத்துழைக்க வேண்டும். ஒரே வளாகம் என்றால் ஒரு காலை நேரம் போதும். குழந்தைகள் பல பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள் என்றால், எல்லா இடத்திலும் பேசி ஏற்பாடு செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. அந்தப் பொறுப்பு ஒவ்வொரு பெற்றோர் தலையிலும் வந்து விழும். விவரமும் தைரியமும் உள்ள பெற்றோர் கேட்டு வாங்குவார்கள், மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் சேர்க்கை கிடைத்த குழந்தைக்கு இதற்கெல்லாம் வாய்ப்பே இருக்காது. படம் எடுத்து மாட்ட ஒன்றும் கிடைக்காது என்பதால் பெற்றோர் ஆர்வமும் கம்மி.

## 4. விழாவே இல்லாமல்

ஒரே கட்டடத்தில் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு, அதே நண்பர்களோடு போகிறார்கள் என்றால் எதற்கு விழா? மூன்று வயதும் ஆறு வயதும் கலந்து படிக்கும் வகுப்புகளிலும், ஆளுக்கொரு மாதத்தில் வந்து போகும் இடங்களிலும் கூட்டு விழாவுக்குப் பொருளில்லை. பள்ளியில் ஒரு மரணமோ பெரிய விபத்தோ நடந்த ஆண்டிலும் இதுதான் பொருத்தம்.

ஆனால் விழா இல்லை என்பதும் விடைபெறுதல் இல்லை என்பதும் ஒன்றில்லை. தினமும் எட்டு மணி நேரம் தன்னைப் பார்த்துக்கொண்ட ஒருவரைக் குழந்தை இனிமேல் பார்க்கப் போவதில்லை என்றால், அதை யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் புதுப் பள்ளிக்குப் போன பிறகு "நம்ம மிஸ் எங்கே?" என்ற கேள்வி வாரக்கணக்கில் வரும். இன்னொரு மறைமுக விளைவும் உண்டு. பள்ளி எதுவும் செய்யாவிட்டால் வசதியுள்ள வீடுகள் தனியாக விருந்து வைக்கும், தங்களுக்குப் பிடித்த பத்துக் குழந்தைகளை மட்டும் அழைக்கும். சமத்துவத்துக்காக விழாவை நிறுத்திய பள்ளிக்கு இது தெரியவும் தெரியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழு விழா | வகுப்பறை விடைபெறுதல் | புது இடத்தில் வரவேற்பு | விழா இல்லை |
|---|---|---|---|---|
| குழந்தைக்குப் புரிவது | குறைவு, உடை மட்டும் பிடிக்கும் | நன்றாகப் புரியும் | நன்றாகப் புரியும் | யாராவது சொன்னால் புரியும் |
| ஒத்திகை | இரண்டு மூன்று வாரம் | இல்லை | இல்லை | இல்லை |
| கூச்சக் குழந்தைக்கு | கடினம் | சமாளிக்கலாம் | துணை இருந்தால் எளிது | எளிது |
| செலவு | குடும்பத்தின் பணம், பிள்ளைகளின் நேரம் | ஆசிரியரின் உழைப்பு | ஏற்பாடு செய்பவரின் அலைச்சல் | கிட்டத்தட்ட இல்லை |
| விடுபடும் ஆபத்து | பணமில்லாதவர் | வீட்டார் வர முடியாதவர் | கடைசி நேரச் சேர்க்கை | தனி விருந்துகளுக்கு அழைப்பு இல்லாதவர் |
| அடுத்த கட்டத்துக்கு உதவி | மிகக் குறைவு | ஓரளவு | அதிகம் | இல்லை |
| பெற்றோர் திருப்தி | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | குறைவு |

## என் தேர்வு

சாதாரணமான ஒரு மழலையர் பள்ளிக்கு நான் சொல்வது இரண்டும் மூன்றும் சேர்ந்தது: வகுப்பறைக்குள் ஒரு மணி நேர விடைபெறுதல், கோடை விடுமுறைக்கு முன்பே புது வகுப்பறையில் ஒரு காலைப்பொழுது. இரண்டில் ஒன்றுக்குத்தான் ஆள் பலம் இருக்கிறது என்றால் மூன்றாவதை எடுங்கள், பெற்றோர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. குழந்தைகள் பல பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள் என்றால் மூன்றாவது கைகூடாது. அப்போது இரண்டாவதைச் சற்றுப் பெரிதாக நடத்தலாம்.

கவுன் இல்லாமல் முடியவே முடியாது என்று பெற்றோர் பிடிவாதமாக இருந்தால், கவுனை விழாவிலிருந்து பிரித்துவிடுங்கள். பள்ளி நான்கைந்து கவுன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு காலையில் குழந்தைகளை வரிசையாக மாட்டவைத்து ஆளுக்கொரு படம் எடுத்துக் கொடுத்துவிடலாம். தாத்தாவுக்குச் சுவரில் மாட்டப் படம் கிடைக்கும், ஒத்திகையும் இருக்காது. அடுத்த ஆண்டும் அதே கவுன்கள்தான். போட விருப்பமில்லாத குழந்தை தன் சட்டையிலேயே நிற்கட்டும். யோசித்துப் பார்த்தால், விழாவிடமிருந்து பெற்றோர் கேட்பதில் பாதி இந்த ஒரு படம்தான்.

படம் எடுப்பதைப் பற்றி இன்னொன்று. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களைவிட முழுதாகப் படம் எடுத்த பொருள்கள் மக்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. விழாவில் ஆளுக்கொரு கைபேசியை உயர்த்திப் பிடிப்பதற்குப் பதில், பள்ளி சார்பில் ஒருவர் எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம். மேடையிலிருந்து பார்க்கும் குழந்தைக்கும் கைபேசியின் முதுகுக்குப் பதில் அப்பா முகம் தெரியும்.

## முழு விழா என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால்

பெரும்பாலான பெற்றோரின் நிலை இதுதான். சுற்றறிக்கை வந்தாயிற்று, தேதி குறித்தாயிற்று. இந்த நேரத்தில் கொள்கைப் பேச்சு எடுபடாது, கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள்.

ஒத்திகை மொத்தம் எத்தனை நாள், எந்த நேரத்தில்? விளையாட்டு நேரத்தை எடுக்க மாட்டோம் என்று உறுதி தர முடியுமா? மூன்று நாளுக்கு மேல் ஒத்திகை தேவைப்படும் நிகழ்ச்சி அந்த வயதுக்குப் பொருந்தாத நிகழ்ச்சி, அதைச் சுருக்கச் சொல்லுங்கள். கவுன் கட்டணம் கட்ட முடியாத குழந்தைக்கு, யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு இருக்கிறதா? இதை உங்களுக்காக இல்லாவிட்டாலும் கேளுங்கள். கட்ட முடியாதவர் வாய் திறந்து கேட்க மாட்டார்.

என் பிள்ளை மேடை ஏற மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்? 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உள்ள உரிமையை 12-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. அதையெல்லாம் மேற்கோள் காட்டத் தேவையில்லை. "அவன் கீழேயே நின்று வாங்கிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் நான் கூட ஏறுகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். அன்றைக்கு மேடையின் நடுவில் அழ ஆரம்பித்தால் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி கெடும் என்று யோசிக்காதீர்கள். அந்த அழுகையை யாராவது படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நீக்கச் சொல்லுங்கள். நீக்கும் வரை சொல்லுங்கள்.

கடைசியாக, விழா எப்படி நடந்தாலும் அடுத்த வாரம் உங்கள் பிள்ளையை நீங்களே புதுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முன் அனுமதி கிடைத்தால் உள்ளே, கிடைக்காவிட்டால் வாசல் வரைக்கும். காவலரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைத்து, எந்த வாசல் வழியாக உள்ளே போவோம், திரும்ப அழைத்துப்போக நீங்கள் எந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள் என்று காட்டிவிட்டு வாருங்கள்.